மொரிஷியஸ் போக எந்த மாதம்? பலரும் சறுக்கும் இடங்கள்

மொரிஷியஸுக்கு டிக்கெட் போடுமுன் எல்லோரும் கேட்பது, "எந்த மாதம் நல்லது?" என்பதைத்தான். அது பாதிக் கேள்வி. எந்த மாதம், எந்தக் கரை என்று சேர்த்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். நீளம் சுமார் 65 கி.மீ., அகலம் 45 கி.மீ.; தீவு அவ்வளவுதான். ஆனாலும் ஒரே நாள், ஒரே மணி நேரத்தில் கிழக்குக் கரையில் காற்று ஆளைத் தள்ளும், நடுமேட்டில் தூறல் விழும், மேற்குக் கரையில் கடல் அசையாமல் கிடக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதத்தை மட்டும் தேடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் நாட்காட்டி. தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே கோடை, ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். மேயும் அக்டோபரும் இடைமாதங்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவங்கள் தலைகீழ் என்று பள்ளியில் படித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும், பெட்டி கட்டும்போதுதான் மறந்துவிடும். ஜூலையில் பருத்திச் சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய், 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப் ஊரில் மாலை நேரத்தில் நடுங்குகிறவர்கள் நிறையப் பேர். நம் பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லாத குடும்பங்களுக்கு ஒரு நல்ல சேதி: மே மாதம் அங்கே அருமையான மாதம். மழை குறைந்திருக்கும், கடலின் சூடு இன்னும் இறங்கியிருக்காது, குளிர்காலத்தின் பலத்த காற்றும் முழுவீச்சில் தொடங்கியிருக்காது.

அடுத்த தவறு, வெப்பநிலைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. கோடையில் சராசரி 24.7 டிகிரி, குளிர்காலத்தில் 20.4. வித்தியாசம் நாலு டிகிரி சொச்சம்தான். இதைப் பார்த்தவுடன் "வருஷம் முழுக்க ஒண்ணுதான், எப்ப வேணா போகலாம்" என்று தோன்றும். பயணத்தை ஆக்குவதும் கெடுப்பதும் அந்த நாலு டிகிரி அல்ல. கடல்நீரின் சூடும் காற்றும்தான். கடல்நீர் கோடையின் கடைசியில் 27 டிகிரியைத் தொடும், ஆகஸ்டில் 22, 23க்கு இறங்கிவிடும். ஐரோப்பாவிலிருந்து வருகிறவருக்கு அந்த 22 இதமாகவே இருக்கும். சென்னை, ராமேஸ்வரம் கடலில் கால் நனைத்துப் பழகிய நமக்குச் சில்லென்று இருக்கும். சின்னப் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் உதடு நடுங்க வெளியே வந்துவிடுவார்கள். இணையத்தில் இருக்கும் பயணக் குறிப்புகளில் பெரும்பகுதி வெயிலைத் தேடி வருகிறவர்கள் எழுதியவை. நாம் பெரும்பாலும் வெயிலிலிருந்து தப்பிக்கப் போகிறவர்கள். அவர்களுடைய 'சிறந்த மாதம்' நமக்கும் அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை.

இப்போது காற்று. பணமும் மனதும் அதிகம் வீணாவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பள்ளியில் படித்த தென்கிழக்கு வியாபாரக் காற்றுதான் இந்தத் தீவின் வானிலையை நடத்துகிறது. வருடம் முழுக்க வீசினாலும் குளிர்காலத்தில்தான் அதன் வேகம் கூடும். கடலைக் கடந்து ஈரத்தோடு வரும் காற்று முதலில் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் மோதுகிறது. அப்புறம் நடுமேட்டில் ஏறிக் குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மேற்கே இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமில்லை. வால்பாறையில் விடாமல் பெய்யும் மழை பல்லடம் பக்கம் காணாமல் போகிறதே, அதே கணக்குதான். நடுமேட்டில் ஆண்டுக்கு 4,000 மி.மீ. வரை பெய்யும் இடங்கள் உண்டு. மேற்குக் கரையில் 1,000 மி.மீட்டரைக்கூடத் தொடாத இடங்கள் உண்டு.

பெல் மேர் கிழக்குக் கரையின் அழகான வெண்மணல் கடற்கரை. விடுதிகளின் படங்களைப் பார்த்தால் உடனே பதிவு செய்யத் தோன்றும். ஆனால் அந்தப் படங்கள் காற்றில்லாத நாளில் எடுத்தவை. ஆகஸ்டில் காற்று ஏறிய ஒரு நாள் அங்கே உட்கார்ந்தால் மணல் கெண்டைக்காலில் சுளீர் சுளீரென்று அடிக்கும். துண்டை விரித்து நாலு மூலையிலும் செருப்பு, பை என்று எதையாவது வைத்தால்தான் நிற்கும். இல் ஓ செர்ஃப் தீவுக்குப் படகில் போனால் முழுக்க நனைந்துதான் இறங்க வேண்டியிருக்கும். அதே வாரம் மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக்கிலோ, வடமேற்கே துரூ ஓ பிஷிலோ தங்கியிருப்பவர்கள் அமைதியான கடலில் மிதந்துகொண்டிருப்பார்கள். தென்மேற்கு மூலையில் இருக்கும் லெ மோர்ன் மட்டும் இதில் சேராது. மலையைச் சுற்றிக்கொண்டு வரும் காற்று அங்கே பலமாக இருக்கும். காற்றாடிப் பலகைச் சறுக்குக்காரர்கள் (கைட் சர்ஃபிங் ஆடுகிறவர்கள்) ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே குவிவதே அதற்காகத்தான்.

கோடையில் கணக்கு தலைகீழ். ஜனவரியில் மேற்குக் கரை புழுங்கும், கிழக்கில் அதே காற்று மென்மையாக வீசி உடம்புக்குச் சுகமாக இருக்கும். ஆக, ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு அல்லது வடமேற்கு, டிசம்பர் முதல் மார்ச் வரை கிழக்கு என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது. தெற்கே கிரி கிரி பக்கம் பவளப்பாறை வேலி இல்லாததால் அலை நேராகக் கரையில் வந்து மோதும். பார்க்கப் போகலாம், எந்தப் பருவத்திலும் அங்கே இறங்க வேண்டாம்.

கைப்பேசி காட்டும் வானிலையை அப்படியே நம்புவதும் இதோடு சேர்ந்த தவறுதான். 'மொரிஷியஸ்' என்று தேடினால் வரும் எண்கள் பல நேரம் மேட்டிலுள்ள வாக்கோவா நிலையத்தினுடையவை, அல்லது தென்கிழக்கில் விமான நிலையம் இருக்கும் பிளேசான்ஸினுடையவை. இரண்டுமே மழை கூடிய பக்கங்கள். பத்து நாளும் மேகப் படம் தெரிகிறதே என்று பயணத்தை ரத்து செய்யுமுன், தங்கப்போகும் ஊரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

புயல் விஷயத்தில் இரண்டு விதமாகவும் தவறுகிறார்கள். சிலர் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மொத்தத்தையும் ஒதுக்கிவிடுகிறார்கள். இது அநியாயம். நவம்பரில் புயல் அபாயம் மிகக் குறைவு, கடல் சூடேறத் தொடங்கிவிடும், சாலையோரம் செம்மயிற்கொன்றை பூக்க ஆரம்பிக்கும், லிச்சிப் பழமும் வந்துவிடும். அபாயம் கூடுவது ஜனவரி முதல் மார்ச் வரைதான். சிலரோ மலிவான சலுகை கிடைத்தது என்று பிப்ரவரியில் இடைவெளியே இல்லாமல் திட்டம் போடுகிறார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயியின் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றது. புயல் எச்சரிக்கைக்கு அங்கே நான்கு படிகள் உண்டு. மூன்றாம் படி வந்துவிட்டால் ஊரே அடங்கிவிடும், விடுதியை விட்டு வெளியே போக முடியாது, விமானமும் ஓடாது. அந்த மாதங்களில் போவதானால் திரும்பி வந்த மறுநாளே அலுவலகம், கல்யாணம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பயணக் காப்பீட்டை டிக்கெட் போடும் நாளிலேயே எடுங்கள். புயல் உருவான பிறகு எடுத்தால் பெரும்பாலும் அந்தப் புயலுக்குச் செல்லாது.

பலர் யோசிக்காத இன்னொன்று பகல் நேரம். ஜூனில் மாலை ஐந்தேமுக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஜனவரியில் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். சமரேலின் வண்ணமண் மேடுகள், கங்கா தலாவ் ஏரி, கடற்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கும் சுற்றுலாத் திட்டம் ஜூனில் இருட்டில்தான் முடியும்.

திமிங்கிலம் பார்க்க ஆசைப்பட்டால் ஜூலை முதல் அக்டோபர் வரை. கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் அண்டார்க்டிக் பக்கமிருந்து வரும் காலம் அது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் அறை வாடகை உச்சத்துக்குப் போகும், அந்த இரண்டு வாரத்தைத் தவிருங்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரே மாதம் சொல்லச் சொன்னால் அக்டோபர் என்பேன். வருடத்திலேயே மழை குறைந்த மாதம் அதுதான், காற்றும் தணிந்திருக்கும், எந்தக் கரையில் தங்கினாலும் பெரிய தவறாகாது.

ஆனால் தமிழர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. காத்ர் போர்ன் ஊரில் மலையடிவாரத்து முருகன் கோயிலுக்கு அலகு குத்தி, பூக்காவடி தூக்கிப் போகும் கூட்டத்தைப் பார்க்க விரும்பினால் ஜனவரி அல்லது பிப்ரவரியில்தான் போயாக வேண்டும், அதாவது புயல் பருவத்துக்குள். தாராளமாகப் போங்கள், அந்தக் காட்சிக்காகப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பும் நாளை மட்டும் இரண்டு நாள் தள்ளி வையுங்கள். பூசத்தன்று கோயிலுக்குப் போகும் சாலைகளில் கார் நகராது, அதனால் முந்தைய இரவு நடந்து போகும் தூரத்திலேயே அறை எடுத்துத் தங்கிவிடுங்கள்.