மாடித் தொட்டியில் மல்லி, புதினா, கற்பூரவள்ளி

கொத்தமல்லி முளைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். முழு விதைக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. நான் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி, இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைப்பேன். 8, 10 நாளில் தலைகாட்டும். எங்கள் மதுரை வெயிலில் சித்திரையில் போட்டால் இலை சேர்வதற்குள் பூத்துவிடும். ஐப்பசிக்கு அப்புறம் போடுங்கள்.

புதினாவுக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டாக எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வையுங்கள். கணுவிலிருந்து வெள்ளை நூல் போல வேர் இறங்கியதும் நடலாம். தனித் தொட்டிதான் சரி. பக்கத்துச் செடிக்கு இடமே விடாது.

கற்பூரவள்ளிக்கு ஒரு கிளையை ஒடித்துச் செருகினால் போதும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம்.