பளபளப்பு மங்கும் வரை: நீல எல்.இ.டி. சில்லில் நுண்கூம்புகள் எடுப்பது

நீல எல்.இ.டி.யில் பிறக்கும் ஒளிக்கு வெளியே வருவதுதான் பெரும்பாடு. அந்தச் சில்லு செய்யப்படும் படிகமான காலியம் நைட்ரைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.45. செங்குத்திலிருந்து 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி காற்றுக்குத் தப்பாது, உள்ளேயே திரும்பிவிடும். வழவழப்பான ஒரு முகத்தின் வழியே முதல் முயற்சியில் தப்புவது சுமார் 4 சதவீதம்தான். அந்த முகத்தில் நுண்கூம்புகள் எடுத்தால் ஒளி ஒவ்வொரு மோதலிலும் திசை மாறும், வழி கிடைக்கும். 2004-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில், நீல எல்.இ.டி. முன்னோடி ஷுஜி நகமுரா இருந்த குழு இப்படி இரண்டு மூன்று மடங்கு ஒளியை வெளியே எடுத்துக் காட்டியது.

முதலில் முகத்தைச் சரிபாருங்கள்; படிகத்தின் ஒரு பக்கம் காலியம் முகம், எதிர்ப்பக்கம் நைட்ரஜன் முகம். சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு நைட்ரஜன் முகத்தைத்தான் அரிக்கும். காலியம் முகத்தை அநேகமாகத் தொடாது. படிகத்தை வளர்க்க அடித்தளமாக இருந்த சஃபையரை லேசரால் கழற்றிய சில்லில் மேலே தெரிவது நைட்ரஜன் முகம். ஒட்டியிருக்கும் காலியத் துளிகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிவிடுங்கள். ஓரங்களையும் அடியிலுள்ள கண்ணாடி உலோகத்தையும் சிலிக்கா படலத்தால் மூடுங்கள். ஃபோட்டோரெசிஸ்ட் (ஒளி பட்டால் மாறும் பூச்சு) போதாது, காரத்தில் கரைந்துவிடும்.

அரை லிட்டர் 2 மோலார் கரைசலுக்கு 56 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும். தண்ணீரில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நன்றாகச் சூடேறும். கண்ணாடி பீக்கர் வேண்டாம். டெஃப்லான் பீக்கரை வெந்நீர்த் தொட்டியில் வைத்து 80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கையுறை, முகக்கவசம் கட்டாயம்.

வெப்பமானியைக் கரைசலுக்குள்ளேயே வையுங்கள். ஒருமுறை தொட்டியின் எண்ணை நம்பினேன்; உள்ளே 70 கூட இல்லை. மேற்பரப்பு மாறவில்லையே என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அதற்குள் கரைசல் சூடேறிவிட, அரிப்பு குவாண்டம் கிணறுகள் (ஒளி பிறக்கும் மெல்லிய அடுக்குகள்) வரை இறங்கி, அந்தத் துண்டு முழுவதும் மின்கசிவில் போனது.

இப்போதெல்லாம் ஒரு நிமிடம் முக்குவேன், எடுத்துக் கழுவுவேன், விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பேன். முதலில் ட்வீசரின் நுனி சில்லின் முகத்தில் தெளிவாகப் பிரதிபலிக்கும். பிறகு அந்தப் பிம்பத்தின் விளிம்பு கலங்கும். கடைசியில் பரப்பு முழுவதும் பால்படிந்த சாம்பல் நிறமாகும். அங்கே நிறுத்துங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அறுகோணக் கூம்புகள் நெருக்கமாக நிற்பதைப் பார்க்கலாம்.

அப்புறம் அளவீடு. அதே சில்லை, அதே மின்னோட்டத்தில், அரிப்புக்கு முன்னும் பின்னும் ஒருங்கிணைப்புக் கோளத்தில் (எல்லாத் திசை ஒளியையும் சேர்த்து அளக்கும் உள்ளீடற்ற கோளம்) அளந்து ஒப்பிடுங்கள். கூடவே எதிர்த்திசையில் 5 வோல்ட் கொடுத்துக் கசிவையும் பாருங்கள். ஒளி கூடியிருந்தாலும் கசிவு ஏறியிருந்தால் அந்தச் சில்லை ஒதுக்கிவிட்டு, அடுத்ததற்கு ஒரு நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள்.