“ஆறுக்கு ரெண்டா டீச்சர்?”: பெற்றோரிடம் பிள்ளையின் படிப்பைப் பற்றிச் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்று ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளை வைத்திருக்கும் அப்பா அம்மாக்களில் பலர் யுபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வை எழுதியவர்கள். 1988இல் தொடங்கிய அந்தத் தேர்வு கடைசியாக நடந்தது 2019இல். 2020இல் பெருந்தொற்றால் நடக்கவில்லை. 2021இல் எடுத்தே விட்டார்கள். ஒன்றாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரைக்குமான தேர்வுகள் அதற்கு முன்பே போய்விட்டன. போகாதது ஒன்றுதான்: “எத்தனை ஏ?” என்ற கேள்வி. தேர்வு இருந்த காலத்தில் பெற்றோருக்கு எல்லாவற்றையும் அந்த ஓர் எழுத்து சொல்லிவிடும், சரியாகவோ தப்பாகவோ. இப்போது ஆசிரியர்களாகிய நாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கேதான் சறுக்குகிறோம்.

முதலில் நான் சறுக்கிய கதை. ஆண்டு நடுவில் அறிக்கை கொடுக்கும் நாள். வரிசையில் பெற்றோர் நிற்கிறார்கள். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனின் அம்மா, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர், தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆறுக்கு ரெண்டா டீச்சர்?” என்று கேட்டார். கணிதத்துக்கு நேராக ‘டி.பி. 2’, அதாவது தேர்ச்சி நிலை 2, என்று போட்டிருந்தேன். “அது புள்ளி இல்லைம்மா, நிலை” என்றேன். கையெழுத்து வாங்கினேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன். மறுநாள் பையன் காலைத் தேய்த்துக்கொண்டே வகுப்புக்குள் வந்தபோதுதான் முதல்நாள் சாயங்காலம் என்ன நடந்திருக்கும் என்று புரிந்தது. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு நான் எதையுமே சொல்லவில்லை.

டி.பி. என்பதை ஏணிப்படி என்று சொன்னால் எல்லாருக்கும் புரிகிறது. ஆறு படி. முதல் இரண்டு படிகளில் பிள்ளைக்கு விஷயம் தெரியத் தொடங்கியிருக்கிறது, கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். மூன்றாம் படி, கேட்டதைத் தானே செய்யும் நிலை. பிள்ளை எட்டியிருக்க வேண்டிய குறைந்தபட்சம் அது. நாலு, ஐந்து என்றால் படித்ததை வேறு இடத்தில் பயன்படுத்துகிறது, ஏன் என்று விளக்குகிறது. ஆறு, மற்றவருக்கு முன்மாதிரி. ஆக மூன்று என்றால் நூற்றுக்கு ஐம்பது இல்லை. இதை விழுக்காடாக மாற்றிச் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், பெற்றோர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய். அது வேண்டாம். ஒருமுறை மாற்றிச் சொல்லிவிட்டால் அந்தத் தாயின் மனத்திலிருந்து பிறகு அதை எடுக்கவே முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இது ஒரு நாள் தேர்வின் முடிவு அன்று, பயிற்சிப் புத்தகம், வாய்மொழி, வகுப்பில் செய்தது எல்லாம் பார்த்துப் போடுவது. நடு ஆண்டில் இரண்டில் நின்றவன் ஆண்டு இறுதியில் நாலில் நிற்கலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “டி.பி. எல்லாம் சும்மா பேருக்குத்தான்மா, கவலைப்படாதீங்க” என்று சமாதானம் சொல்வது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டில் நிற்கும் பிள்ளைக்கு உண்மையிலேயே உதவி வேண்டும். அந்தச் சமாதானம் உதவியை ஓராண்டு தள்ளிப்போடுகிறது.

அந்தப் பையன் விஷயத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவன் புத்தகத்தைத் திறந்து ஒரே ஒரு கணக்கைக் காட்டியிருக்க வேண்டும். 52இலிருந்து 27ஐக் கழி என்றால் 35 என்று எழுதியிருந்தான். கவனக்குறைவு இல்லை. இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போட்டுவிட்டான். பக்கம் முழுக்க அதே தப்பு, அதே ஒழுங்கோடு. கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. பத்தை உடைத்து ஒன்றுகளாக மாற்றலாம் என்பது மட்டும் அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவை மறுபடி பார்த்தபோது இதைக் காட்டினேன். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு தனிக்குச்சியும் கையில் கொடுத்து, “இதிலிருந்து இருபத்தேழு குச்சி எனக்குக் கொடு என்று கேளுங்கள், அவனே ஒரு கட்டைப் பிரிப்பான்” என்றேன். ஈர்க்குச்சிக்கா பஞ்சம் தோட்டத்தில்? விளக்குமாற்றையே பிரித்திருக்கிறார். அந்த ஆண்டு நான் ஒரு பெற்றோருக்குச் சொன்ன முதல் உருப்படியான செய்தி அதுதான் என்று நினைக்கிறேன்.

“பரவாயில்லை”, “இன்னும் முயற்சி தேவை”, “கவனம் குறைவு”. அறிக்கையில் நாம் எழுதும் இந்தச் சொற்களைப் பெற்றோர் படித்துவிட்டு வீட்டில் என்ன செய்வார்கள்? பிள்ளையைப் பார்த்து “முயற்சி பண்ணு” என்பார்கள். வேறு என்ன செய்ய முடியும்? “வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாள்” என்பதற்குப் பதிலாக “ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்புகிறாள், ‘தேன்’ என்பதைத் ‘தென்’ என்று வாசிக்கிறாள்” என்று சொல்லிப் பாருங்கள். கொம்பு, கால், சுழி என்பதெல்லாம் பாட்டிகூடப் படித்த சொற்கள். அன்றைக்கு ராத்திரியே நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்காட்டத் தொடங்கிவிடுவார்கள்.

தோட்டப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு ஓடும். நானும் பேசியிருக்கிறேன். கூட்டம் வைத்தால் பாதி நாற்காலி காலி, அதை வைத்துச் சொல்வது. காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் வேறு என்ன நடக்கும்? பொழுது விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போய், வெயில் ஏறுமுன் ரப்பர்ப் பால் எடுக்க வேண்டியவர்கள், வெட்டிய செம்பனைக் குலைக்குக் கூலி வாங்குபவர்கள், அரை நாள் வந்தால் அரை நாள் கூலி போச்சு. தொழிற்சாலைக்குப் போகும் அம்மாவுக்கு ஷிப்ட். பள்ளியில் மாலை மூன்றரைக்கு ஒரு தடவை, தோட்டத்து மண்டபத்தில் இரவு ஏழரைக்கு ஒரு தடவை என்று பிரித்தபோது முகங்கள் தெரிந்தன. கோயில் திருவிழாவில் பார்த்தோம், அங்கேயே பிள்ளையின் படிப்பைப் பேசிவிட்டோம் என்பது மட்டும் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் நாலு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. கொட்டகையோ கட்டடமோ, பள்ளி லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பக்கத்தில் இருந்தது. பெரும்பாலும் ஆசிரியரும் அங்கேயே குடியிருந்தார், தண்ணீர்க் குழாயடியிலேயே செய்தி போய்ச் சேரும். (நல்ல செய்தியும் சேரும், பிரம்படிச் செய்தியும் சேரும். அந்தக் காலத்தை ரொம்பவும் மெச்ச வேண்டியதில்லை.) இன்று தோட்டம் துண்டாகிவிட்டது. குடும்பங்கள் பட்டணத்து ஓரம் மலிவுவிலை வீடுகளுக்குப் போய்விட்டன. பள்ளிக்கு மட்டும் பழைய தோட்டத்தின் பெயர். நூற்றைம்பது பேருக்கும் குறைவான பிள்ளைகள், அவர்களும் வேனில் வருகிறார்கள். ஆசிரியர் ஈப்போவிலிருந்து காரில் வருகிறார். பள்ளி வாசலில் அம்மாவும் டீச்சரும் இரண்டு நிமிடம் நின்று பேசும் வழக்கமே இல்லாமல் போய்விட்டது. வாசலில் நாம் தினமும் பார்ப்பது வேன் அங்கிளைத்தான். அவரிடம் “அவன் அம்மாகிட்ட சொல்லிடுங்க, படிக்கவே மாட்டேங்கிறான்” என்று சொல்லி அனுப்புவது நான் பார்த்ததிலேயே மோசமான பழக்கம்.

அப்புறம் புலனக் குழு, அதாவது வாட்ஸ்அப் குழு. தடுப்பூசிப் பாரம், விளையாட்டுப் போட்டிச் சட்டைக்குப் பணம், நாளைக்கு வண்ணத்தாள் கொண்டுவரவும், அதற்குக் கீழே இருபது கும்பிடு படம். இந்தக் கூட்டத்துக்கு நடுவே “இந்த வாரம் பின்னம் தொடங்கியிருக்கிறோம்” என்று ஒரு வரி போட்டால் யார் கண்ணில் படும்? அறிவிப்புக்கு ஒரு குழு, பாடத்துக்கு ஒரு குழு என்று பிரித்துவிடுங்கள். பாடக் குழுவில் வாரத்துக்கு ஒரு செய்தி போதும். அதிலும் இரவு பத்து மணிக்கு வேண்டாம்; விடியுமுன் எழுகிறவர் தூங்கியிருப்பார். வீட்டுப்பாடம் செய்யாதவர்களின் பெயர்ப் பட்டியலைக் குழுவில் போடுவது தண்டனை, தகவல் இல்லை. இங்கே எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளைகளின் படத்தையே போடுவதும் அதே பட்டியல்தான், தலைகீழாக. ஒரு பிள்ளையின் நிலையை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தனியாக அனுப்புங்கள்.

எந்த மொழியில் அனுப்புவது? இலாகாவின் சுற்றறிக்கை மலாயில் வரும், நாம் அதை அப்படியே பெற்றோருக்கு அனுப்பிவிடுவோம். வீட்டில் நிலவரம் கலவையாக இருக்கும். அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர், தமிழ் சரளமாக வாசிப்பார், அரசாங்க மலாய் புரியாது. அப்பா தேசியப் பள்ளியில் படித்தவர், மலாய் வாசிப்பார், தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பார். பெற்றோர் இருவரும் கோலாலம்பூரில் வேலைக்குப் போய்விட, பிள்ளையைப் பார்ப்பது பாட்டி. அவருக்கு எதையுமே வாசிக்க வராது. இதற்கெல்லாம் சேர்த்து நான் கண்ட ஒரே வழி குரல் பதிவு. ஒரு நிமிடத்துக்குள், பேச்சுத் தமிழில், ஒரே ஒரு விஷயம். பாட்டிக்கும் அனுப்புகிறேன், அம்மாவுக்கும் அனுப்புகிறேன். அம்மாவுக்கு மட்டும் அனுப்பினால், அவர் தொலைபேசியில் மகளை அதட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லப்போவது பாட்டிதானே. ஆனால் ‘பிபிடி’, ‘உவாசா’ என்று சுருக்கெழுத்துகளை அடுக்கினால் குரல் பதிவும் வீண். “வகுப்பில் நான் பார்த்துப் போடுவது”, “நாலாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கடைசியில் எழுதுவது” என்று சொன்னாலே போதும்.

பள்ளி எண் கைப்பேசியில் வந்தாலே ஒரு தகப்பனார் நடுங்குவார். அவராகவே சொன்னார்: “நீங்க கூப்பிட்டா ஒண்ணு காய்ச்சல், இல்லாட்டி சண்டை.” பிள்ளை ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசித்த அன்று ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், பிறகு குறை சொல்லக் கூப்பிடும்போது அவர் காது கொடுத்துக் கேட்டிருப்பார்.

தாமதம் இன்னொரு தவறு, அதிலும் மலாய் விஷயத்தில். தமிழ்ப்பள்ளியில் மலாய் ஒரு பாடம். இடைநிலைப்பள்ளியில் அநேகமாக எல்லாப் பாடமும் மலாயில். மலாய் போதாத பிள்ளையை, முதல் படிவத்துக்கு முன்னால், புதுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வைப்பதும் உண்டு. இதை ஆறாம் ஆண்டு கடைசியில் சொன்னால் பெற்றோர் என்ன செய்ய முடியும்? மூன்றாம் ஆண்டில் சொல்லுங்கள். குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்புவதையும் அனுப்புவதற்கு முன்னால் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் அண்ணன்காரன் “மக்கு வகுப்பு” என்று சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை.

பிள்ளையிடமே சொல்லி அனுப்பலாமே என்றால், அனுப்பலாம். “டீச்சர் என்னை நல்லாப் படிக்கிறேன்னு சொன்னாங்க” என்பது மட்டும் போய்ச் சேரும்.

கடைசியாக ஒன்று. இத்தனையும் நாம் சொல்வதைப் பற்றியே பேசிவிட்டேன். சந்திப்பு நாளில் நானும் அப்படித்தான், பேசிக்கொண்டே இருப்பேன். ஒரு முறை நாலாம் ஆண்டுப் பையன் ஒருவனைப் பற்றி, வாக்கியக் கணக்கு வராது, பெருக்க வேண்டுமா கூட்ட வேண்டுமா என்றே தெரியவில்லை என்று அவன் அப்பாவிடம் நீட்டி முழக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியா டீச்சர்? ஞாயித்துக்கிழமை என் குலைக் கணக்கெல்லாம் அவன்தானே பார்க்கிறான்” என்றார். எத்தனை குலை, குலைக்கு எவ்வளவு, முன்பணம் போக மீதி எவ்வளவு, எல்லாம் அவன் வாய்க்கணக்கு. மறுநாள் அவனைக் கூப்பிட்டு அதே கணக்கைக் குலையாகவும் கூலியாகவும் மாற்றிக் கேட்டேன். பென்சிலை எடுக்காமலே சொன்னான். அவனுக்குத் தடையாக இருந்தது கணக்கு இல்லை, கேள்வியில் இருந்த தமிழ் வாக்கியம். அவன் அப்பா வாய் திறக்காமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தால், ஆண்டுக் கடைசிவரை அவனைத் தப்பான படியிலேயே நிறுத்தி வைத்திருப்பேன்.