மிஷன் ட்ரிப் போறவங்க விடுற பிழைகள், நாங்க விட்டதையும் சேர்த்து

எங்கட கிறிஸ்தவ சபையில இருந்து 11 பேர் மிஷன் ட்ரிப், அதாவது ஊழியப் பயணமா, நேபாளத்துக்கு போனம். கட்டுநாயக்க எயார்போட்டில வட்டமா நிண்டு ஜெபம் பண்ணி, ஒரே கலர் டீஷர்ட்டோட ஃபோட்டோ எடுத்து, 10 நாள் போயிட்டு வந்து சபைக்கு முன்னால சாட்சியா அனுபவத்தை சொல்லேக்க எல்லாம் அருமையா தான் இருந்திச்சு. சாட்சியில சொல்லாத கதையும் கொஞ்சம் இருக்கு. அடுத்த டீமில போற பிள்ளைகள் "அண்ணா, என்னென்ன கொண்டு போகணும்?" எண்டு கேட்டதால தான் இதை எழுதுறன்.

அந்த கேள்வியிலயே பிழை தொடங்குது. என்ன கொண்டு போறது எண்டு கேக்கிறம், அங்க என்ன வேணும் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல. நாங்க கொண்டு போன பேக்குகள்ல பாதி, சபை ஆக்கள் குடுத்த பழைய உடுப்பு. எல்லாம் கொழும்பு வெக்கைக்கு போடுற மெல்லிசு சட்டை, போன இடமோ மலை, அதுவும் நவம்பர் மாசம். அங்கத்தை பாஸ்டரம்மா சிரிச்ச முகத்தோட வாங்கி ஆராதனை ரூமில ஒரு மூலையில அடுக்கினாங்க, நாங்க வெளிக்கிடுற அண்டைக்கும் அது அப்பிடியே தான் இருந்திச்சு. 2004 சுனாமிக்கு பிறகு கிழக்கில ரோட்டோரம் ஒருத்தரும் தொடாம குவிஞ்சு கிடந்த உடுப்புகளை பார்த்த நாங்களே இதை செய்தம் பாருங்க.

இதை விட பெரிய பிழை சாப்பாடு. நாங்க ஊழியத்துக்கு போறம், அவங்க அன்பா கவனிப்பாங்க எண்டு நினைச்சிட்டு போனம். ஒவ்வொரு நாளும் கோழி. ஆறாவது நாள் சவுக்காரம் வாங்க கீழ இருந்த சின்ன கடைக்கு போனா, கடைக்காரர் எங்களை பார்த்து சிரிச்சுக்கொண்டு ஒரு கொப்பியை விரிச்சு பாஸ்டரிட பேரை காட்டினார். மொழி விளங்கேல்ல, ஆனா கடன் கொப்பி எந்த ஊரிலயும் ஒரே மாதிரி தானே, எங்கட தோட்டத்து கடை கொப்பி மாதிரியே நீட்டுக்கு கோடு போட்டு, அரிசி, எண்ணெய், முட்டை எண்டு நாங்க வந்த நாளில இருந்து பக்கம் நிரம்பி இருந்திச்சு. அண்டைக்கு இரவு ஒருத்தருக்கும் கோழி இறங்கேல்ல. காசை கட்டிட்டு தான் வந்தம், ஆனா கேட்டு கட்டினது இல்ல, பிடிபட்டு கட்டினது. போக முதலே ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் எண்டு கேட்டு அனுப்புங்க. பாஸ்டரிட்ட நேரா கேட்டா "ஒண்டும் வேணாம்" எண்டு தான் சொல்லுவார், வேற ஆள் மூலமா கேளுங்க.

இனி சட்டம். இதை மட்டும் லேசா எடுக்க வேணாம். நேபாளத்தில 2015 அரசியலமைப்பிலயே ஒருத்தரை மதம் மாத்துறதுக்கு தடை இருக்கு. 2018 ஆகஸ்ட்ல அமுலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தில அதுக்கு 5 வருசம் வரை ஜெயில், 50,000 நேபாள ரூபா வரை தண்டப்பணம், வெளிநாட்டு ஆள் எண்டா தண்டனை முடிஞ்சு 7 நாளுக்குள்ள நாடு கடத்தல். எங்கட டீம் தம்பி ஒருத்தன் பஸ் ஸ்டாண்டில நிண்டு கைப்பிரதி (சுவிசேஷ நோட்டீஸ்) குடுக்க தொடங்கிட்டான், பெரிய வைராக்கியம். அங்கத்தை பாஸ்டர் ஓடி வந்து பறிச்சு பையில போட்ட வேகத்தை பார்த்த பிறகு தான் எங்களுக்கு விளங்கினது, நாங்க பிளேனில ஏறி வந்திடுவம், பொலிஸ் வந்தா பதில் சொல்றது அந்த மனுசன் தானே. அதே காரணத்தால ஃபேஸ்புக் லைவும் வேணாம், லொக்கேஷனும் போட வேணாம். சார்க் (தெற்காசிய நாடுகளிட கூட்டமைப்பு) நாட்டு ஆக்கள் எண்டு எங்களுக்கு 30 நாள் விசா இலவசமா கிடைக்குது தான், ஆனா அது டூரிஸ்ட் விசா, சம்பளமில்லாத வேலைக்கும் அது செல்லாது. இந்தியா பக்கத்தில தானே எண்டு டூரிஸ்ட் விசாவில போய் பிரசங்கம் பண்ணுறவங்களும் இருக்காங்க, அங்க அதுக்கு தனியா மிஷனரி விசா இருக்கு.

அநாதை இல்லம் எண்டு கேட்டதும் மனசு உருகிறது எல்லாருக்கும் தான். ஆனா நிறைய இல்லங்கள்ல இருக்கிற பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்காங்க, வறுமையால தான் விட்டிருக்காங்க. வெளிநாட்டு ஆக்கள் காசோட வர வர, பிள்ளைகளை சேர்க்கிறதும் ஒரு வியாபாரமா போன இடங்கள் இருக்கு. 2010ல ஹெய்ட்டி பூமியதிர்ச்சிக்கு பிறகு அமெரிக்க சபை ஆக்கள் 10 பேர் 33 பிள்ளைகளோட எல்லை தாண்ட போய் பிடிபட்டாங்க, அந்த பிள்ளைகள்ல பலருக்கு பெற்றோர் இருந்தாங்க. ஒரு கிழமை தூக்கி கொஞ்சிட்டு அழ விட்டு வாறதில அந்த பிள்ளைக்கு என்ன கிடைக்குது எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்ல. ஃபோட்டோவும் அப்பிடித்தான். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு பிறகு அழுது கொண்டு நிண்ட எங்கட ஆக்களிட முகத்துக்கு நேர கமெராவை பிடிச்சது எப்பிடி இருந்திச்சு எண்டு கொட்டாஞ்சேனை ஆக்களுக்கு நான் சொல்ல தேவையில்ல.

மொழி. பத்து நாளில படிக்க ஏலாது தான், ஆனா கும்பிட்டு "ஜெய் மசி" எண்டு அங்கத்தை கிறிஸ்தவங்கட வணக்கத்தை சொல்லக்கூட தெரியாம போனம். சனிக்கிழமை தான் அங்க பெரும்பாலும் சபை கூடுறது எண்டு தெரியாம ஞாயிறுக்கு பெரிய ப்ரோக்ராம் போட்டு, வெறும் கதிரைகளுக்கு நாடகம் நடிச்சம். 1847ல இங்க வந்த அமெரிக்க டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழ் படிச்சு, யாழ்ப்பாணத்து மானிப்பாயில எங்கட பிள்ளைகளுக்கு தமிழிலயே வைத்தியம் சொல்லிக் குடுத்து, அதுக்கு புத்தகங்களும் ஆக்கினார். வருசக்கணக்கா இருந்த ஆள் அவர், சரி, எங்களுக்கு பத்து வசனமாவது வாயில வந்திருக்கலாம்.

உகண்டா பக்கம் போற டீம் ஒண்டு இருக்கெண்டு கேள்விப்பட்டன், அவங்களுக்கு இது. மஞ்சள் காய்ச்சல் ஊசி பொரளை எம்ஆர்ஐயில (மருத்துவ ஆராய்ச்சி நிலையம்) போடலாம், ஆனா போட்டு 10 நாளுக்கு பிறகு தான் அந்த ஊசிக்கு குடுக்கிற சேர்டிபிகேட் செல்லும், கடைசி கிழமையில ஓட வேணாம். மலேரியா குளிசையும் போக முதலே தொடங்கணும், நாரஹேன்பிட்டவில மலேரியா ஒழிப்பு இயக்கத்தில கேளுங்க. இலங்கையில மலேரியா இல்ல எண்டு 2016ல டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) சொன்னது நல்ல விசயம் தான், ஆனா அதால இங்க காய்ச்சல் எண்டு போனா எல்லாரும் முதல் டெங்குவை தான் நினைப்பாங்க. வந்து ஒரு மாசம் கழிச்சு காய்ச்சிச்செண்டாலும் டொக்டரிட்ட வாய் திறந்த உடனயே "நான் ஆபிரிக்கா போயிட்டு வந்தனான், மலேரியாவுக்கும் ரத்தம் பாருங்க" எண்டு சொல்லிடுங்க.