சியாங் மாய்ல மூணு ராத்திரி: ஹோட்டல் எப்படி பிடிக்கிறது, பிளான் எப்படி போடுறது

முதல் தடவை தாய்லாந்து சியாங் மாய்க்கு போனப்போ நாங்க போய் இறங்குனது ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஹோட்டல் பழைய ஊருக்கு நட்டநடுவுல, ராட்சடம்னோன் ரோட்டுல இருந்து பிரியிற ஒரு சந்துக்குள்ள, செம லொகேஷன்னு என்னை நானே மெச்சிக்கிட்டு புக் பண்ணது. டாக்ஸிக்காரர் தா பே கேட்கிட்ட வண்டிய நிறுத்திட்டு இதுக்கு மேல போகாதுன்னு கைய ஆட்டிட்டாரு. அப்புறம்தான் தெரியுது, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா அந்த ரோடு முழுக்க சந்தை, ஒரு வண்டியும் விட மாட்டாங்க. சரின்னு சூட்கேஸ இழுத்துக்கிட்டு கூட்டத்துக்குள்ள போறோம், கரெக்டா 6 மணிக்கு ஸ்பீக்கர்ல அவங்க தேசிய கீதம் போட்டாங்க, அவ்ளோ கூட்டமும் அப்படியே சிலை மாதிரி நின்னுடுச்சு, நூடுல்ஸ் வறுத்துக்கிட்டு இருந்த அக்கா கரண்டிய கையில பிடிச்சபடி நிக்கிறாங்க, அந்தத் தெருவுல கடகடன்னு கேட்ட ஒரே சத்தம் என் சூட்கேஸ் சக்கரம்தான். வீட்டுக்காரி சட்டைய பிடிச்சு இழுத்ததுக்கு அப்புறம்தான் நானும் நின்னேன்.

லொகேஷன்ல தப்பே இல்ல, கிழமைதான் தப்பு. அதனால இந்தப் பதிவுல ஹோட்டல் ஆப்ப திறக்குறது நாலாவது ஸ்டெப்புலதான்.

ஸ்டெப் 1: மாசமும் கிழமையும்

நவம்பர்ல இருந்து பிப்ரவரி முதல் பாதி வரைக்கும் நல்ல டைம், காலையில லேசா குளிரும், மழை கம்மி. பிப்ரவரி கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் போகாதீங்க. சுத்தி இருக்குற வயலையும் காட்டையும் எரிக்கிற சீசன் அது, ஊரு மலைக்கு நடுவுல பள்ளத்துல இருக்குறதால புகை வெளிய போக வழியில்லாம அப்படியே நிக்கும், சில நாள் உலகத்துலயே காத்து மோசமான ஊர் லிஸ்ட்ல முதல் இடத்துக்கே வந்துடும். ரூம் சீப்பா கிடைக்குதேன்னு பார்த்தா அந்த மாசமாத்தான் இருக்கும். ஏப்ரல் 13ல இருந்து 15 வரைக்கும் சோங்க்ரான், நம்ம சித்திரை பொறப்போட அண்ணன் தம்பி மாதிரி அவங்க புத்தாண்டு, பழைய ஊரோட கோட்டை அகழிய சுத்தி ஊரே தண்ணி ஊத்தி விளையாடும். அதுக்குன்னே போறவங்க போங்க, மத்தவங்க தள்ளிப் போடுங்க.

விளக்கு மிதக்க விடுற லோய் க்ரதோங், வடக்குல அதோட சேர்ந்து வர்ற யீ பெங், ரெண்டு திருவிழாவும் பௌர்ணமி கணக்கு, பெரும்பாலும் நவம்பர்ல வரும். நம்ம கார்த்திகை தீபத்துக்கு ஒரு மாசம் முன்னாடி, சில வருஷம் அதே பௌர்ணமிக்கே. அந்த வாரம் ரூம் ரேட் எகிறிடும், மூணு நாலு மாசம் முன்னாடியே புக் பண்ணிடணும்.

கிழமைக்கு வர்றேன். மூணு ராத்திரிதான்னா வெள்ளிக்கிழமை போய் திங்கக்கிழமை கிளம்புங்க, சனிக்கிழமை சந்தை ஞாயித்துக்கிழமை சந்தை ரெண்டும் மாட்டும். எங்கள மாதிரி ஞாயிறு சாயங்காலம் மட்டும் பெட்டியோட போய் நிக்காதீங்க.

ஸ்டெப் 2: எத்தனை மணிக்கு போய் சேருவீங்க

சென்னையில இருந்து பேங்காக் மூணரை மணி நேரம், அங்க மாறி சியாங் மாய் ஒரு மணி நேரத்துக்கு சொச்சம். இதுல ஒரு பொறி இருக்கு. பேங்காக்ல ரெண்டு ஏர்போர்ட், சுவர்ணபூமி ஒண்ணு, டான் முவாங் ஒண்ணு. தனித்தனியா டிக்கெட் போட்டு ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏறணும்னா நடுவுல ரோட்டுல ஒரு மணி நேரம், டிராஃபிக் இருந்தா இன்னும் மேல. சீப் டிக்கெட்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ரெண்டு டிக்கெட்லயும் ஏர்போர்ட் பேர பாருங்க.

பேங்காக்ல ரெண்டு நாள் இருந்துட்டு போறவங்களுக்கு ராத்திரி டிரெயின் நல்லாருக்கும். 2023 ஜனவரில இருந்து க்ருங் தெப் அபிவாட்ங்கிற பெரிய ஸ்டேஷன்லதான் கிளம்புது, பழைய ஹுவா லம்போங் போய் தேடாதீங்க. கீழ் பெர்த் அகலம் ஜாஸ்தி, விலையும் கொஞ்சம் ஜாஸ்தி. காலையில கொண்டு போய் விட்டுடும். ஆனா ஹோட்டல்ல செக்-இன் 2 மணிக்குத்தான், ஏழரைக்கே போய் நின்னா பெட்டிய வாங்கி வச்சுப்பாங்க, ரூம் தர மாட்டாங்க. அப்படி போறதா இருந்தா ஸ்விம்மிங் பூல் பக்கம் ஷவர் இருக்குற ஹோட்டலா பாருங்க, குளிச்சு டிரெஸ் மாத்திட்டு ஊர் சுத்த கிளம்பிடலாம்.

ஸ்டெப் 3: ஏரியா

1296ல மன்னர் மங்ராய் கட்டுன ஊரு இது, லன்னா ராஜ்யத்தோட தலைநகரம். பழைய ஊர் ஒரு சதுரம், ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும், சுத்தி அகழி. மேப்ப திறந்தவுடனே அந்தச் சதுரம் கண்ணுல படும். முதல் தடவை போறவங்க அதுக்குள்ளயே தங்குங்க, அதுலயும் கிழக்குப் பாதி, தா பே கேட் பக்கம். கோயில், சாப்பாடு, ஞாயித்துக்கிழமை சந்தை எல்லாம் நடந்தே போயிடலாம். ராட்சடம்னோன் மேலயே வேணாம், ரெண்டு தெரு தள்ளி உள்ளுக்குள்ள இருந்தா சத்தமும் இருக்காது, ஞாயிறு அன்னைக்கும் வண்டி வாசல் வரைக்கும் வரும்.

நிம்மன்னு ஒரு ஏரியா இருக்கு, வடமேற்குல, காபி கடையும் மாலும் லேப்டாப் வச்சுக்கிட்டு உக்காந்திருக்குற ஆளுங்களுமா ஸ்டைலா இருக்கும். ஆனா விமானம் இறங்குற ஏறுற பாதை அந்தப் பக்கம்தான். ஏர்போர்ட் ஊரை ஒட்டியே இருக்கு, பழைய ஊர்ல இருந்து 10, 15 நிமிஷம், அந்த சௌகரியத்துக்கு தூக்கத்த விலையா குடுக்குறது நிம்மன்ல தங்குறவங்கதான். கிழக்கால சாங் க்லான் ரோடு நைட் பஜார் ஏரியா, பெரிய ஹோட்டல்ங்க அங்க நிறைய, குழந்தைங்களோட போறவங்களுக்கு ஓகே. தா பே கேட்ல இருந்து நைட் பஜார் போற வழியில லோய் க்ரோ ரோடுன்னு ஒண்ணு, பார் வரிசை, அப்பா அம்மாவ கூட்டிக்கிட்டு போனா அங்க ரூம் போட்டுடாதீங்க.

ஸ்டெப் 4: இப்போ ஆப்

மேப் வியூ போட்டு அந்தச் சதுரத்துக்குள்ள மட்டும் தேடுங்க. "பழைய ஊர் அருகில்"னு போட்டிருக்கறதெல்லாம் நம்பாதீங்க, ஹோட்டல் பேர மேப்ல போட்டு தா பே கேட் வரைக்கும் நடக்குற தூரம் எவ்ளோன்னு நீங்களே பாருங்க. 15 நிமிஷத்துக்கு மேலன்னா அடுத்தது.

அப்புறம் ரேட். லிஸ்ட்ல 1000 பாட்னு காட்டும், பக்கத்துல குட்டியா ரெண்டு கூட்டல் குறி ++ இருக்கும், இல்லன்னா வரி தனின்னு பொடி எழுத்துல போட்டிருக்கும். 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகைக்கு 7 சதவீதம் வாட் வரி. 1000 ஆகுது 1100, 1100 ஆகுது 1177. மூணு ராத்திரிக்கு 531 பாட் கூடுதல், ரெண்டு வேளை சாப்பாட்டுக் காசு அது. ஆப் செட்டிங்ல வரியோட சேர்த்து காட்டுன்னு மாத்திட்டு அப்புறம் கம்பேர் பண்ணுங்க. ரூபாய்க்கு கணக்கு போட ஒரு பாட் சுமாரா மூணு ரூபான்னு வச்சுக்கோங்க, கொஞ்சம் அதிகமா போட்டாலும் நமக்கு நல்லதுதான்.

ரிவ்யூ படிக்கிறப்போ 10 மார்க் குடுத்தவங்கள விட்டுடுங்க. 6, 7 குடுத்தவங்கதான் விஷயத்த சொல்லுவாங்க. புதுசு முதல்லன்னு வரிசைப்படுத்தி நாய்ஸ், ஸ்மெல், டேம்ப், விண்டோ இந்த வார்த்தைங்கள போட்டு தேடுங்க. விண்டோ ஏன்னா, இன்னொரு தடவை நான் எடுத்த ரூம்ல ஜன்னல் இருக்குன்னு போட்டிருந்தாங்க, பொய் இல்ல, இருந்துச்சு, திரைய விலக்குனா ஒரு முழம் தள்ளி பக்கத்து கட்டடத்து சுவரு, அதுல ஒரு ஏசி அவுட்டோர் யூனிட் என் மூஞ்சிய பார்த்து ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி தங்குன ரெண்டு பேரு ரிவ்யூல எழுதியே வச்சிருந்தாங்க, நான்தான் படிக்கல.

காண்டோ ஃபிளாட் ஒண்ணு ஹோட்டல விட சீப்பா வரும், கிச்சன் வேற இருக்கும், சபலம் வரும். தாய்லாந்துல 30 நாளுக்கு கம்மியா வாடகைக்கு விட ஹோட்டல் லைசென்ஸ் வேணும், 2004 ஹோட்டல் சட்டம், பெரும்பாலான காண்டோவுக்கு அது கிடையாது. வாசல்ல செக்யூரிட்டி நிறுத்துனா மூணு நாள்ல ஒரு நாள் போச்சு. வேணாம் விடுங்க.

இலவச கேன்சல் இருக்குற ரேட்ல புக் பண்ணிட்டு உடனே ஒரு மெசேஜ் தட்டி விடுங்க: எத்தனை மணிக்கு வருவோம், அமைதியான ரூம் வேணும், டெபாசிட் எவ்ளோ. சில இடத்துல 1000 பாட் வரைக்கும் டெபாசிட் கேப்பாங்க, கிளம்புறப்போ திருப்பித் தருவாங்க. அவங்க பதில் போடுற வேகத்துலயே ஹோட்டல் எப்படின்னு பாதி தெரிஞ்சிடும். பாத்ரூம் பத்தி நம்ம ஆளுங்க கேக்க வெக்கப்படுவாங்க, கவலையே படாதீங்க, தாய்லாந்துல ஹேண்ட் ஸ்ப்ரே இல்லாத டாய்லெட்ட பாக்குறதே அபூர்வம்.

ஸ்டெப் 5: நாள் பிளான்

ஒரு நாளைக்கு காலையில ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வேலை, மத்தியானம் ரூம்ல ஏசி. இதுக்கு மேல திணிக்காதீங்க.

வெள்ளி போய் சேர்ந்த அன்னைக்கு ஒண்ணும் வேணாம், சாயங்காலம் வடக்கு வாசல் சாங் புவாக் கிட்ட ரோட்டோர கடைங்க இருக்கும், சாப்பிட்டு படுங்க. சனிக்கிழமை காலையில டோய் சுதேப் மலைக்கோயில், சீக்கிரமே. போறதுக்கு சிவப்பு கலர் சோங்தேவ், நம்ம ஷேர் ஆட்டோவோட பெரியப்பா பையன், பின்னாடி ரெண்டு பெஞ்சு, ஆள் சேர்ந்தாதான் எடுப்பாரு, ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடுங்க. மலைப்பாதையில வளைவு ஜாஸ்தி, வாந்தி வர்றவங்க வெறும் வயித்துல ஏறாதீங்க. மேல 306 படி, ரெண்டு பக்கமும் நாகம், முட்டி வலி இருக்குறவங்களுக்கு காசு குடுத்தா லிஃப்ட் மாதிரி ஒரு வண்டி இருக்கு. புத்தர் தாது ஒண்ண வெள்ளை யானை முதுகுல ஏத்தி விட்டாங்களாம், அது இந்த மலை ஏறி மூணு சுத்து சுத்தி பிளிறிட்டு உயிர விட்டுச்சாம், அங்கதான் கோயில். தோளும் முட்டியும் மறைஞ்சிருக்கணும். அன்னைக்கு சாயங்காலம் தெற்கு வாசலுக்கு வெளிய வுவாலாய் ரோட்டுல சனிக்கிழமை சந்தை, வெள்ளிச் சாமான் செய்யுற தெரு அது.

ஞாயிறு காலையில பழைய ஊருக்குள்ளயே நடங்க. வாட் செடி லுவாங் கோயில் ஒண்ணு போதும்னு கூட சொல்லுவேன், 1545 நிலநடுக்கத்துல உச்சி இடிஞ்ச அந்த செங்கல் கோபுரத்த பார்த்துக்கிட்டே நிழல்ல உக்காந்திருக்கலாம், இப்போ பேங்காக்ல இருக்குற மரகத புத்தர் ஒரு காலத்துல இங்கதான் இருந்தாரு. மத்தியானம் காவ் சோய் சாப்பிடுங்க, தேங்காப்பால் குழம்புல முட்டை நூடுல்ஸ், மேல மொறுமொறுன்னு பொரிச்ச நூடுல்ஸ், சின்ன வெங்காயம், எலுமிச்சை, ஊறப்போட்ட கடுகுக்கீரை. நம்ம நாக்குக்கு ரெண்டாவது ஸ்பூன்லயே பிடிச்சிடும்.

சைவம் சாப்பிடுறவங்களுக்கு: மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்து இருக்குற கடைய பாருங்க, அதுதான் ஜே, சுத்த சைவம், பூண்டு வெங்காயம் கூட இருக்காது. மத்த கடையில காய்கறி மட்டும்னு சொன்னாலும் மீன் சாஸ் ஊத்திடுவாங்க, "மாய் சை நம் ப்லா"ன்னு சொல்லணும், மீன் சாஸ் போடாதீங்கன்னு அர்த்தம்.

ஞாயிறு சாயங்காலம் ராட்சடம்னோன். இந்தத் தடவை பெட்டி இல்லாம. 6 மணிக்கு பாட்டு கேட்டா நின்னுடுங்க.

ஸ்டெப் 6: பேப்பர் வேலை

விசா ரூல் மாறிக்கிட்டே இருக்கு, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி தாய் தூதரக சைட்ட பாருங்க. 2025 மே 1ல இருந்து டிஜிட்டல் அரைவல் கார்டு கட்டாயம், இறங்குறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும், ஃப்ரீ. காசு கேட்டா அது வேற யாரோ நடத்துற சைட், மூடிடுங்க. அதுல தங்குற இட அட்ரஸ் கேக்கும், ஹோட்டல் புக்கிங்க கையில வச்சுக்கோங்க. ஏடிஎம்ல வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட்டுக்கு குறையாம பிடிப்பாங்க, அதனால அப்பப்போ கொஞ்சமா எடுக்காம ஒரே தடவை எடுங்க.

திங்கக்கிழமை கிளம்புறப்போ ஆப்ல வண்டி கூப்பிடுவீங்க. அகழிக்கு உள்பக்க ரோடும் வெளிப்பக்க ரோடும் ஒன்வே, ஒண்ணுக்கொண்ணு எதிர் திசை. மேப்ல பிக்கப் பின்-ஐ ஹோட்டல் வாசல்ல வைக்காம அகழிக்கு அந்தப் பக்கம் வச்சுட்டீங்கன்னா கண்ணுக்கு எதிர்ல நிக்கிற வண்டி பாலம் தேடி சுத்திக்கிட்டு வர்ற வரைக்கும் தண்ணிக்கு இந்தப் பக்கம் பெட்டியோட நின்னு கைய ஆட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.