டெக்சாஸில் தூண்டில் போடும் முன்: ஏரி விதிகளைப் படிப்பது எப்படி?

ஊர்க் குளத்தில் மூங்கில் கழியும் மண்புழுவுமாக மீன் பிடித்தவன் நான். டாலஸ் வந்த புதிதில் கடையில் ஒரு தூண்டிலை வாங்கிக்கொண்டு நேரே ஏரிக்குப் போய்விட்டேன். முதல் மீன், பதின்மூன்றரை அங்குல பாஸ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "பதினாலு இல்லையே, விட்டுடு" என்றார். இதற்கென்று ஒரு விதிப்புத்தகம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பெயர் அவுட்டோர் ஆனுவல். டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. இலவச ஆப் உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருட நினைப்பில் போகாதீர்கள். நான் படிக்கும் வரிசையைச் சொல்கிறேன்.

படி 1: லைசென்ஸ்

17 வயது ஆனவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். ஏரி, ஆறு மட்டும் என்றால் நன்னீர் லைசென்ஸ் போதும். கடற்கரைக்கும் போவீர்கள் என்றால் இரண்டுக்கும் சேர்த்த லைசென்ஸ். டெக்சாஸுக்குக் குடிவந்து தொடர்ந்து ஆறு மாதம் தாண்டியிருந்தால் உள்ளூர்க்காரர் கட்டணம். இல்லாவிட்டால் வெளியூர்க் கட்டணம், கிட்டத்தட்ட இரட்டிப்பு. வழக்கமான வருட லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-இல் காலாவதியாகிவிடும் என்பதைக் கவனிக்காமல் ஜூலையில் வாங்கிவிட்டுப் புலம்புபவர்கள் உண்டு. அந்த நேரத்தில் ஒருநாள் லைசென்ஸ் எடுப்பதே லாபம்.

வெறுமனே பழகிப் பார்க்க நினைத்தால் ஸ்டேட் பார்க் ஒன்றுக்குப் போய்க் கரையில் நின்று தூண்டில் போடுங்கள், லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். நீள, எண்ணிக்கை விதிகள் மட்டும் அங்கேயும் உண்டு.

படி 2: மீனுக்கு முன்னால் ஏரியைத் தேடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மாநிலம் முழுக்க ஒரு பொதுவிதி இருக்கும். குறிப்பிட்ட ஏரிக்குத் தனிவிதி இருந்தால் அதுதான் செல்லும். லார்ஜ்மவுத் பாஸுக்குப் பொதுவிதி: 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, நாளுக்கு 5. கிழக்கு டெக்சாஸின் லேக் ஃபோர்க்கில் இது தலைகீழ். 16 அங்குலம் வரையுள்ளதை எடுக்கலாம். 24-ம் அதற்கு மேலும் எடுக்கலாம், ஆனால் அந்தப் பெரியதில் நாளுக்கு ஒன்றுதான். நடுவில் உள்ளது எல்லாம் திரும்பத் தண்ணீருக்கு. நன்றாக முட்டையிடும் பருவத்து மீன்களைக் காப்பாற்றிப் பெரிதாக வளரவிடுவதற்கான ஏற்பாடு இது. மாநில சாதனையான 18.18 பவுண்டு பாஸ் 1992-இல் இந்த ஏரியில்தான் மாட்டியது.

இப்படிக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு நீள எல்லை வைப்பதை 'ஸ்லாட்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கண்டதும் நின்று படியுங்கள். கடலோரத்து ரெட்ஃபிஷ்ஷுக்கும் ஸ்லாட்தான், 20 முதல் 28 அங்குலம். ஆனால் அங்கே நடுவில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும்!

ஊருக்குள் இருக்கும் பூங்காக் குளங்கள் பலவற்றில் ஆளுக்கு இரண்டு தூண்டில்தான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: எந்த மீன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

'கெளுத்தி' என்று ஒரே பெயரில் அழைத்தால் மாட்டிக்கொள்வோம். சேனல், புளூ என்ற கெளுத்தி வகைகள் இரண்டுக்கும் சேர்த்து நாளுக்கு 25, குறைந்தபட்ச நீளம் கிடையாது. 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை மட்டும் 10-ஐத் தாண்டக் கூடாது. ஃபிளாட்ஹெட் வகைக்கோ 18 அங்குலம் வேண்டும், நாளுக்கு 5. தலை தட்டையாக, கீழ்த்தாடை முன்னால் துருத்தி, வால் பிளவுபடாமல் இருந்தால் அது ஃபிளாட்ஹெட்.

பாஸில் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத்.

படி 4: அளப்பது

சமதளப் பலகையில் மீனைப் படுக்க வைத்து, வாயை மூடி முனையில் முட்டக் கொடுங்கள். வால் துடுப்பின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, அதிகபட்ச நீளத்தைப் பாருங்கள். வயிற்று வளைவின் மேல் டேப்பை ஓட்டினால் அரை அங்குலம் கூடித் தெரியும், அது செல்லாது. கையை ஈரமாக்கிக்கொண்டு பிடியுங்கள், விடப்போகும் மீனின் வழுவழுப்பு உரியாது.

படி 5: எண்ணிக்கையும் வீட்டுக்குக் கொண்டுபோவதும்

நாள் கணக்கு ஆளுக்கு. ஏரிக்கரையில் கூடாரம் போட்டு இரண்டு மூன்று நாள் தங்கினாலும், கையிருப்பு பொதுவாக ஒருநாள் அளவின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. நண்பர்களோடு போனால் ஐஸ்பெட்டியில் அவரவர் மீனைத் தனித்தனிப் பையில் போடுங்கள். கேம் வார்டன் (வேட்டை, மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) வந்து திறந்து காட்டச் சொன்னால் காட்டியே ஆக வேண்டும். 'அது அவனுடையது, இது என்னுடையது' என்று அப்போது பிரித்துக்கொண்டிருக்க முடியாது.

நீள விதி உள்ள மீனின் தலையையோ வாலையோ தண்ணீரிலேயே வெட்டிவிடாதீர்கள். அளக்க வழியில்லாமல் போய்விடும்.

நம்மூர் ஜிலேபி மீன் மாட்டினால் மட்டும் கதை வேறு. டெக்சாஸில் திலாப்பியா வெளியிலிருந்து வந்த இனம், உயிரோடு வைத்திருக்கக் கூடாது. பிடித்த கையோடு குடலை எடுத்துவிட வேண்டும். நான் ஒரு சின்னக் கத்தியைப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் மசாலா அரைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு எந்தப் புத்தகமும் தடை போடவில்லை.