பில்லான்சி மரக்கத்தாழைய விதையில இருந்து வளர்க்கிறது எப்படி

அலோய்டெண்ட்ரான் பில்லான்சி. கத்தாழை சொந்தம்தான், ஆனா பத்து மீட்டருக்கு மேல மரமா நிக்கும். தென்னாப்பிரிக்காவோட ரிக்டர்ஸ்வெல்ட் பக்கமும் அதை ஒட்டின தெற்கு நமீபியாவுலயும் வறண்ட பாறைச் சரிவுல மட்டும்தான் காட்டுல இருக்கு, அழியுற நிலையில இருக்கிற உயிரினங்களைக் கணக்கெடுக்கிற ஐயூசிஎன் அமைப்போட பட்டியல்ல மிக அருகிய இனம்னு போட்டிருக்காங்க. அங்க கார்னெல்ஸ் காப்னு ஒரு குன்று, அதோட பழைய போட்டோவையும் புது போட்டோவையும் பக்கத்துல வச்சுப் பார்த்தப்ப வயசான மரங்க ஒண்ணொண்ணா பட்டுப்போயிருக்கிறது தெரிஞ்சுது. கன்னா இருக்கும்போதே ஆடும் கழுதையும் கடிச்சிடுது, மிதிச்சிடுது, மிச்சத்த திருடிட்டுப் போறாங்க. அதனால முதல்லயே சொல்லிடுறேன், இத வளர்க்கணும்னு ஆசை இருந்தா விதையில இருந்து மட்டும் வளருங்க.

விதை எங்க வாங்குறதுன்னா, தோட்டத்துல வளர்ந்த தாய்மரத்து விதைன்னு எழுதிக் கொடுக்கிற நர்சரியில மட்டும். இது சைட்டிஸ்ங்கிற, காட்டுச் செடி விலங்கு வியாபாரத்தக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்கிற செடி, அதனால நாடு விட்டு நாடு வர்றதுக்கு பெர்மிட் கண்டிப்பா வேணும், பேப்பர் இல்லாம குடுக்கிறேன்னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. பெரிய செடி விலைக்கு வருதுன்னு யாராவது காட்டினா வேரப் பாருங்க. தொட்டியில வளர்ந்ததுக்கு வேர் தொட்டி வடிவத்துலயே சுத்தியிருக்கும். காட்டுல பிடுங்கினதுக்கு தடியான வேர் வெட்டுப்பட்டு, தண்டுல கல் உரசின தழும்பு, ஒரு பக்கம் மட்டும் வெயில் சுட்ட நிறம்னு இருக்கும்.

இதுவரைக்கும் இந்த வகை எதையுமே வளர்த்ததில்லன்னா முதல்ல இதோட உறவான அலோய்டெண்ட்ரான் டைகாட்டமம்ங்கிற மரத்தப் போட்டுப் பாருங்க. சான் மக்கள் அதோட கிளையக் குடைஞ்சு அம்பு வைக்கிற கூடு செஞ்சாங்க, அதனாலதான் ஆப்பிரிகான்ஸ் மொழியில கோக்கர்பூம்னு பேரு. முறை அதே முறைதான், ஆனா நம்ம தப்ப கொஞ்சம் பொறுத்துக்கும்.

விதைக்கிறது வெக்கை குறைஞ்சு ராத்திரி குளிர ஆரம்பிக்கிறப்ப. பகல்ல இருபது இருபத்தஞ்சு டிகிரி இருந்தா நல்லா முளைக்கும். கலவைக்கு முக்கால் பங்குக்கு மேல கழுவின கரடு மணலும் பியூமிஸ்ங்கிற எரிமலை நுரைக்கல்லும், கொஞ்சமே கொஞ்சம் சலிச்ச மக்கு, அவ்வளவுதான். கலவை மேல கொதிக்கிற தண்ணிய ஊத்தி ஆறவிட்டுட்டு போடுங்க, இந்த ஒரு வேலைய விட்டீங்கன்னா பூஞ்சை வந்து முளைச்சதெல்லாம் அடியோட சாஞ்சிடும். விதை தட்டையா ஓரத்துல மெல்லிசான சிறகோட இருக்கும், படுக்க வச்சு மேல லேசா மணல் தூவினா போதும், ஆழமா புதைக்காதீங்க. தண்ணிய மேல ஊத்தாம தட்டுல வச்சு கீழ இருந்து உறிஞ்ச விடுங்க. புது விதைன்னா ரெண்டு மூணு வாரத்துல பச்சையா ஊசி மாதிரி எட்டிப் பார்க்கும். அப்புறம் இலை ரெண்டு பக்கமா மட்டும் விசிறி மாதிரி அடுக்கடுக்கா வரும், செடி கோணலா வளருதேன்னு பயப்படாதீங்க, குட்டியில அப்படித்தான், வளர வளர சுத்தி வந்து பூ மாதிரி விரியும்.

இப்ப தண்ணி விஷயம், பெரும்பாலான செடி சாகிறது இதுலதான். இது இருக்கிற ஊர்ல வருஷத்துக்கு நூறு மில்லிமீட்டர் மழை கூட தேறாது, வர்றதும் குளிர்காலத்துல, அதோட கடல் பக்கத்துல இருந்து வர்ற மூடுபனி. அதனால செடி குளிர்ல வளரும், கோடையில தூங்கும். முதல் கோடையில என் கன்னுங்க இலை நுனி காஞ்சு சுருங்குதேன்னு மனசு கேக்காம சாயங்காலம் சாயங்காலம் தண்ணி ஊத்தினேன், பதினொண்ணுல ஆறு போச்சு, தொட்டுப் பார்த்தா மேல பச்சையா நிக்குது, அடித்தண்டு மட்டும் வெந்த கிழங்கு மாதிரி விரல்ல நசுங்குது. அந்த ஆறும் இன்னும் கண்ணுலயே இருக்கு. கோடையில நுனி காயுறது தாகம் இல்ல, அது தூக்கம். ரெண்டு வயசு வரைக்கும் சுத்தமா காயவிடாம ராத்திரி கொஞ்சம் சூடு தணியறப்ப மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ ஓரத்துல சின்னதா நனைச்சா போதும். குளிர்காலத்துல கலவை அடிவரைக்கும் காஞ்சதும் நல்லா ஊத்துங்க.

முதல் வருஷம் நிழல்வலைக்கு அடியில வச்சு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்கு மாத்துங்க. தண்டுல வெள்ளையா மாவு மாதிரி படியும், வெயிலத் திருப்பி அனுப்புறதுக்காக செடியே பூசிக்கிறது அது, அழுக்குன்னு நினைச்சு துடைச்சிடாதீங்க. காத்தோட்டம் ரொம்ப முக்கியம், மழை நேரா விழாத இடமா பாருங்க. இலை இடுக்குல பஞ்சு மாதிரி தெரிஞ்சா மாவுப்பூச்சி, பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு எடுத்துடுங்க. இலை ஓரத்துலயோ பூத்தண்டுலயோ கட்டி கட்டியா முண்டு வந்தா அது கத்தாழைப் பேன் (ஆங்கிலத்துல aloe mite), அந்தப் பாகத்த வெட்டி எரிச்சிடுங்க, கத்தியையும் கழுவிடுங்க, பக்கத்துச் செடிக்கு ரொம்ப சீக்கிரம் தாவிடும்.

தொட்டி ஆழமா இருக்கட்டும், ஆனா செடிய விட ரொம்ப பெருசா வேண்டாம். மாத்துறதா இருந்தா குளிர்காலம் தொடங்குறப்ப மாத்தி, வேர்ல பட்ட காயம் ஆற ஒரு வாரம் தண்ணி காட்டாம வைங்க. பூக்க பல வருஷம் ஆகும். பூத்தா பூங்கொத்து இலைக்கூட்டத்துக்கு அடியில இருந்து கீழ தொங்கும், டைகாட்டமத்துக்கு மேல நோக்கி நிக்கும், கையில இருக்கிறது எதுன்னு அன்னைக்கு சந்தேகமே இருக்காது. அதுவரைக்கும் விதை வாங்கின பேப்பரையும் விதைச்ச தேதியையும் தொட்டி நம்பரோட சேர்த்து எழுதி பத்திரமா வைங்க, நாளைக்கு உங்க மரத்து விதைய இன்னொருத்தருக்கு குடுக்கிறப்ப அவங்க முதல்ல கேக்க வேண்டியது அதுதான்.